முதல் திரையில் இருந்த பெயர்

தாராவி, பட்டறை
புதன்கிழமை

மகனே,

வாப்பாவின் ஸலாம். நலமா என்று கேட்க மாட்டேன். காலையில் நீ இரண்டு முட்டையும் நாலு ரொட்டியும் தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செம்பூரிலிருந்து பஸ் ஏறினேன். ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். ஆறு நாளாக நேரில் சொல்லப் பார்த்தேன். நீ பெட்டி அடுக்குகிறாய், உன் உம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றுகிறாள், நான் தொண்டையைச் செருமினாலே பிள்ளை கிளம்புகிற நேரத்தில் என்ன பேச்சு என்று என்னை முறைக்கிறாள். அதனால் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். இங்கிலீஷ் என்றால் ஒரே மூச்சில் ஓடிவிட்டு, பாதியிலேயே கோபம் வந்து தூக்கி எறிந்துவிடுவாய். இதில் அப்படி ஓட முடியாது. ஒவ்வொரு வார்த்தையிலும் நின்றுதான் போக வேண்டும். நிற்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் 'குடம்' என்ற வீடியோ கேமைத் திருட்டுச் சரக்கு என்று பேப்பரில் எழுதினாயே, அது திருட்டு இல்லை. அதைச் செய்தது சண்முகக்கனிதான். திருடியவன் நான். நீ என்னைக் கேட்டபோது உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீ லண்டனுக்கு விமானம் ஏறுகிறாய், வீடியோ கேம் பற்றி எழுதுகிற ஒரு பத்திரிகையில் வேலைக்கு. உன் கடைசிக் கட்டுரை வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்கே அச்சுக்குப் போகிறது. அதற்குள் உனக்கு இது தெரிந்தாக வேண்டும். நீ போன பிறகு தெரிந்து என்ன புண்ணியம்?

போன வியாழக்கிழமை உன் கட்டுரைகளை ஒரு ஃபைலில் போட்டு மாட்டுங்காவில் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னாய். முதல் தாளே அந்தக் கட்டுரை. இதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது. என் இங்கிலீஷ் பில் எழுதவும் ரயில் போர்டு படிக்கவும்தான் காணும். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை, அதுதான் நிஜம். அன்றைக்கு ஜெராக்ஸ் கடைக்காரனிடம் படித்துச் சொல்லுமாறு கேட்டேன். அவன் தாளைப் பார்த்து ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு ரூபாய் போட்டாயாம், முதல் திரையிலேயே குட்டு உடைந்துவிட்டதாம், யாரோ ஹாங்காங்கில் செய்ததற்கு இந்த அம்மாள் சேலை கட்டி விட்டிருக்கிறாராம், இவருக்குத் தெரிந்தது கேம் இல்லை, தையல் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தான். எழுதியவர் கில்லாடி சாப், யார் இவர் என்று கேட்டான். என் பையன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஜெராக்ஸ் மிஷின் வெளிச்சம் போய்ப்போய் வந்தது, அவள் பெயர் இன்னொரு தாளில், இன்னொரு தாளில் என்று விழுந்துகொண்டே இருந்தது. பத்து காப்பி கேட்டிருந்தாய், பத்தும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

என் தொழில் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. வெளிநாட்டிலிருந்து கேம் போர்டு வரும். நான் மரப்பெட்டி அடித்து, டிவி மாட்டி, கைப்பிடியும் காசு போடும் வாயும் வைத்து வீடியோ கேம் பார்லர்காரர்களுக்குக் கொடுப்பேன். போர்டில் விரல் அளவுக்கு ஒரு சிப் இருக்கும், முதுகில் சின்னக் கண்ணாடி வைத்தது. விளையாட்டு மொத்தமும் அதற்குள்தான். கண்ணாடி வழியாக வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பது அழிந்துபோகும், அதனால் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். முதல் திரையில் செய்தவன் பெயர் எதாவது இருந்தால், சிப்பை லாமிங்டன் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் அதை எடுத்துவிட்டு பார்லர் பெயரையோ டீலர் சேட் பெயரையோ போட்டு வாங்கி வருவோம். பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை. கடையை வாங்கினால் வாசல் பெயர்ப்பலகையை மாற்ற மாட்டோமா, அப்படித்தான் நினைத்தோம். இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று இந்த லைனில் ஒருத்தனும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருத்தன் சொன்னான். நீ. எண்பதுகள் பிறந்த புதிது, உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். சிப்பைக் கழற்றப் போகும்போது ஓடி வந்து, ஒரு நிமிஷம் வாப்பா என்று முதல் திரையில் இருக்கிற பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாய். இது யார் என்று கேட்பாய். எவனோ ஒரு கம்பெனிக்காரன் என்பேன். "கம்பெனி இல்ல வாப்பா, ஆளு" என்று திருத்துவாய். அந்த நோட்டை உன் உம்மா எத்தனையோ தடவை பழைய பேப்பர்காரனுக்குப் போடப் பார்த்தாள், நீ சண்டை போட்டுக் காப்பாற்றினாய். பிறகு காலேஜில் படிக்கும்போதே சாயங்காலப் பேப்பரில் உனக்கு இடம் கிடைத்தது. சனிக்கிழமை தோறும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, இதைச் செய்தது யார் என்று கேட்பாய். இந்த ஊரில் ஆயிரம் பேர் கைப்பிடியை ஆட்டினார்கள், அந்தக் கேள்வியைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். அப்படிப்பட்டவன் கையாலேயே ஒருத்தி பெயரை நான் அழிக்க வைத்தேன்.

சண்முகக்கனியை நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். தூத்துக்குடிப் பக்கம். அப்போது முப்பது வயதிருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள், நம் பட்டறையில் ஜன்னலோர மேஜையை வாடகைக்கு எடுத்து டிவி ரிப்பேர் பார்த்தாள். யாரிடமும் வளவளவென்று பேச மாட்டாள். நான் எதாவது போர்டில் முழித்துக்கொண்டிருந்தால் எட்டிப் பார்த்து, "அந்தக் காலு ஒடிஞ்சிருக்கு பாய்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள், சரியாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும். அவள் ஒரு சின்ன வெளிநாட்டுக் கம்ப்யூட்டரை யாரிடமோ வாங்கி, கட்டம் போட்ட நோட்டில் படம் போட்டு, ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் உட்கார்ந்து 'குடம்' செய்தாள். ஒரு பொம்பளை தலையில் குடத்தோடு குழாயிலிருந்து வீட்டுக்குப் போக வேண்டும். குழாய் மூடுவதற்குள் டிரம் நிறைய வேண்டும். எல்லா விளையாட்டிலும் ஓடினால்தான் ஜெயிக்கலாம். இதில் ஓடினால் தண்ணீர் சிந்தும். நான் முதல் தடவை ஆடியபோது மூன்று குடத்தையும் வழியிலேயே காலி செய்துவிட்டேன். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் திரையில் அவள் பெயர் இருந்தது. குடம், கீழே ஆக்கம் சண்முகக்கனி, தமிழ் எழுத்தில். அந்த எழுத்தையும் கட்டம் கட்டமாக அவளே வரைந்திருந்தாள். நான் பெட்டி அடித்து, சயானில் ஒரு பார்லரில் வைத்தேன். ஒரே வாரத்தில் அந்தப் பெட்டி முன்னால்தான் கூட்டம். டீலர் சேட் வந்து பார்த்தார். இதுபோல ஆறு பெட்டி வேண்டும், முதல் திரையில் தன் கம்பெனி பெயர் இருக்க வேண்டும் என்றார். நான் அவளிடம் போய், உனக்குப் பங்கு தருகிறேன், பெயரை மட்டும் எடுத்துவிடலாம் என்று கேட்டேன். அவள் சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்தாள்.

"பங்கெல்லாம் வேண்டாம் பாய். ஏம் பேரு மட்டும் இருக்கட்டும்."

அதற்கு நான் சொன்ன பதிலை உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் பாதிக் கடிதம் பொய்யாகிவிடும். பத்து வருஷமாகப் பெட்டி அடிக்கிறேன், எந்தப் பெட்டியிலாவது என் பெயர் இருக்கிறதா, உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று கத்தினேன். சேட்டின் ஆர்டர் ஒரு பக்கம் இருக்கட்டும். என் வயிறு எரிந்தது இதற்குத்தான். பம்பாயில் பாதி பார்லரில் நிற்பது நான் இழைத்த மரம். கைப்பிடி உயரத்தைச் சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற மாதிரி முதலில் வைத்தவன் நான். அதை ஒருத்தரும் கேட்டதில்லை. நீகூட உன் கட்டுரையில் எழுதியதில்லை. இவள் நேற்று வந்தாள், ஒன்றே ஒன்று செய்தாள், அதற்குள் பெயர் வேண்டுமாம். அந்த ஆத்திரத்தில் அவள் ஊருக்குப் போயிருந்த வாரம் சிப்பைக் கழற்றி லாமிங்டன் ரோட்டுக்குக் கொண்டுபோனேன். காப்பி எடுத்த சிப்களில் அவள் பெயர் இருந்த இடத்தில் சேட் பெயர் வந்தது. ஆறு பெட்டியும் போய்ச் சேர்ந்தன.

திரும்பி வந்து பார்த்தவள் என்னோடு சண்டை போடவில்லை. உனக்குத்தான் எழுதினாள். இதைச் செய்தது யார் என்று கேட்கிறவர் ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறாள், பாவி மகள். எந்தப் பட்டறை என்று அதில் எழுதவில்லை, நீ என் பிள்ளை என்பதற்காக விட்டுவிட்டாள் போலிருக்கிறது. படம் போட்ட அந்த நோட்டிலிருந்து இரண்டு தாளையும் கிழித்து வைத்து அனுப்பியிருந்தாள். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நீ அதை எடுத்துக்கொண்டு வந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும், மீன் குழம்பு. இந்த லைனில் உன் வார்த்தையைத்தான் நம்புவேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாய்.

"வாப்பா, சச் சச், உண்மையச் சொல்லுங்க. இது இவங்க செஞ்சதா?"

"அது ஹாங்காங் போர்டுடா. படத்த மட்டும் மாத்திருக்கா."

அவ்வளவுதான் நான் சொன்னது. முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு அடுத்த வாய் சாப்பிட்டேன். அந்த நோட்டுத் தாள் என்று நீ இழுத்தபோது, விளையாட்டைப் பார்த்து யாரும் வரையலாம் என்றேன். நீ தலையாட்டினாய். சனிக்கிழமை கட்டுரை வந்தது. கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் ஓரிடத்தில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்லர்களில் அவளைப் பார்த்தால் டுப்ளிகேட் வருது என்று கத்தினார்களாம். பத்தே நாளில் மேஜையைக் காலி செய்துவிட்டுப் போனாள். போகும்போது அந்த மாத வாடகையை எண்ணி என் மேஜையில் வைத்தாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், இந்த மூன்று வருஷம் நிம்மதியாகப் போயிருக்கும்.

அவளுடைய முதல் சிப் என்னிடம் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரோடு ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். போன வருஷம் ஒருநாள் ஸ்டிக்கரைக் கொஞ்சம் தூக்கி, அதை ஜன்னல் வெயிலில் வைத்தேன். நானாக அழிக்கவில்லை, தானாக அழிந்தது என்று ஆகட்டும் என்ற புத்தி. மத்தியானம் வரை வைத்தேன். லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். எழுந்து போகும்போது பார்த்தேன், அது பாட்டுக்குக் கிடந்தது. எடுத்து ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டி மறுபடி டப்பாவில் போட்டேன். உள்ளே எதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற தைரியம் இன்று காலைவரை இல்லை. இன்று பழைய பெட்டியைத் திறந்து, அந்தச் சிப்பை மாட்டி, சுவிட்சில் கை வைத்தேன். போட்டேன். முதலில் திரை வெறும் சாம்பலாகத்தான் இருந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன், அல்லாஹ் என்னைச் சரியாகப் பிடித்துவிட்டான் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டிவி சூடாக நேரம் எடுத்திருக்கிறது. மெல்ல வந்தது. குடம். கீழே அவள் பெயர்.

ஆடினேன். வயசாகிவிட்டது, கை முன்போல ஓடவில்லை, இதற்கு அதுவே நல்லதாகப் போயிற்று. மூன்றாவது திரைக்குப் போனேன். அன்றைக்கு அவள் காட்டியதோடு சரி, நான் அதுவரை போனதில்லை. அங்கே குழாயடியில் ஆள் யாரும் இல்லை, குடங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வழி காலியாக இருக்கிறதே என்று நேராகப் போய் நம் குடத்தை முன்னால் வைத்தால், நாலு பக்கமிருந்தும் பொம்பளைகள் வந்து அதைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிடுகிறார்கள். நமக்கு முன்னால் நிற்கிற குடத்தை நிரப்பி ஓரமாக வைத்தால், அடுத்த தடவை நம் இடத்தை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். ஹாங்காங்காரனுக்கு இது எப்படித் தெரியும் மகனே? ஆளுக்குப் பதில் குடம் நிற்கும், குடத்தைத் தாண்டினால் ஆளைத் தாண்டின மாதிரி, இது தாராவிக் குழாயடியில் நின்ற ஆளுக்குத்தானே தெரியும்? செம்பூருக்குப் போகும்வரை உன் உம்மா அந்த வரிசையில்தான் நின்றாள். அவள் சமைக்கப் போகும்போது நம் பச்சைக் குடம் நின்றது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து நீ வீட்டுப்பாடம் எழுதினாய்.

இந்த இடத்தில் உன் தப்பையும் சொல்லியாக வேண்டும். நான் பொய் சொன்னேன், அது என் கணக்கு. ஆனால் நீ ஒரு ரூபாய்தான் போட்டாய். அதை நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். இன்னும் இரண்டு ரூபாய் போட்டு மூன்றாவது திரையைப் பார்த்திருந்தால், உன் வாப்பா சொல்வது பொய் என்று அந்தக் குடங்களே உனக்குச் சொல்லியிருக்கும். வாப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நீ நின்றுவிட்டாய். மற்றவர்கள் செய்ததைப் பற்றி எழுதிப் பிழைக்கப் போகிறவன் நீ. அவர்கள் ஒரு வருஷம் உட்கார்ந்து செய்ததை ஒரு ரூபாயில் முடிக்காதே. புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான். யோக்கியதை வரும்வரை காத்திருந்தால் நீ விமானம் ஏறிவிடுவாய்.

வியாழக்கிழமை

மேலே உள்ளது நேற்று எழுதியது. அடியில் கார்பன் வைத்து எழுதினேன். நீலக் காப்பியை இன்று காலை காட்கோபருக்குக் கொண்டுபோய்ச் சண்முகக்கனியிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள் என்றிருப்பாய், நானும் அதையே சாக்காக்கிப் பொறுத்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

அவள் அங்கே ஒரு டிவி கடையில் ரிப்பேர் பார்ப்பதாக முன்பே கேள்விப்பட்டிருந்தேன். காதோரம் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கவுண்டரில் நின்றபடியே படித்தாள். இரண்டு பேர் வந்து ரிமோட் ரெடியா என்று கேட்டார்கள், கையால் காட்டி நிற்க வைத்துவிட்டுப் படித்தாள். அந்த நேரத்தில் நான் வியர்த்த வியர்வைக்கு ஒரு குடம் நிரம்பியிருக்கும். முடித்ததும் மடித்து ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். மன்னித்துவிடம்மா என்றேன். அவள் காத்திருந்தவருக்கு ரிமோட்டை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவதாக ஒரு கேம் செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அத இப்ப எதுக்குக் கேக்கிய" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கிளம்பப் படி இறங்கினேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஒங்க மவன் அதக் கடைசி வரைக்கும் ஆடிருக்காரா பாய்?"

இல்லை என்றேன்.

"அப்ப மொதல்ல ஆடச் சொல்லுங்க. எழுதுறது பெறவு."

இவ்வளவுதான் அவள் கேட்டது. உன்மேல் கேஸ் போட மாட்டாள், லண்டனுக்கு எழுத மாட்டாள். நீ சும்மா விமானம் ஏறினால் உன்னை யாரும் தடுக்கப் போவதில்லை. அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். எழுதினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எந்தக் கட்டுரையைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டார்களோ அதுவே தப்பு என்று நீயே சொல்ல வேண்டும். வேலை போனாலும் போகும். நாலு வருஷம் நீ கனவு கண்ட வேலை. சேட்டும் அவர் ஆட்களும் இனி என் பட்டறைப் பக்கம் வர மாட்டார்கள். உன் உம்மா என்னோடு எத்தனை மாதம் பேசாமல் இருப்பாள் என்று நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. இதையெல்லாம் யோசித்துத்தான் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யோசித்தால் வாய் திறக்காது, அதைக் கண்டுகொண்டேன்.

நாளைக் காலை ஏழு மணிக்குப் பட்டறையைத் திறந்து வைப்பேன். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், அவள் சிப்போடு. காசு வாயைக் கழற்றி வைத்திருக்கிறேன், ரூபாய் எதுவும் வேண்டாம். ஆடு. தண்ணீர் சிந்தினால் மறுபடி ஆடு. மூன்றாவது திரையையும் தாண்டிப் போ, அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. நான் வெளியே டீக்கடையில் இருப்பேன், உள்ளே வந்து உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். முடித்துவிட்டு என் மேஜையில் உட்கார்ந்து எழுது. மத்தியானத்துக்கு நேரம் இருக்கும்.

அவள் பெயரை முதல் வரியில் போடு. அடுத்து, பொய் சொன்னவர் யார் என்ற இடம் வரும். அங்கே 'தாராவியில் ஒரு பட்டறைக்காரர்' என்று எழுதி என்னைத் தப்ப வைக்கப் பார்ப்பாய். சின்ன வயதிலிருந்தே நான் திட்டு வாங்கினால் உனக்குத்தான் அழுகை வரும், எனக்குத் தெரியாதா? வேண்டாம் மகனே. எத்தனையோ பேர் பெயரை இந்தக் கையால் எடுத்துவிட்டேன்.

என் பெயரை விட்டுவிடாதே.

உன் வாப்பா